வடு இல்லாத மாயாண்டி

கடிதத்தை ராக்காயி இரண்டு முறை வாசித்துக் காட்டினாள். நம்ப முடியாமல் மாயாண்டி அதைக் கையில் வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது முறை தானே வாசித்தார். அவர் விண்ணப்பத்தோடு சேர்க்கப்பட்டிருந்த நிழற்படத்தில் உள்ள நபரை, வரும் செவ்வாய்க்கிழமைக்குள் வாரிய அலுவலகத்தில் அவர் நேரில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

நிழற்படத்தில் இருந்தது அவர்தான்.

"என்னைய நானே கூட்டிக்கிட்டுப் போகணுமா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"எழுதத் தெரியாம எழுதியிருப்பாங்க. போய்ட்டு வாங்க," என்றாள் ராக்காயி.

அவர்களுக்கு நன்றாகவே எழுதத் தெரியும் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

மாயாண்டிக்கு அறுபத்து மூன்று வயது. நாற்பது வயது தாண்டும்வரை எல்டன்பரோ ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டினார். அதற்குப் பிறகும் அங்கேயே மருந்தடிப்பு, உரம் என்று காலம் தள்ளினார். சுங்கை சிப்புட் போகிற சாலையில் இருந்தது அந்தத் தோட்டம். வெள்ளைக்காரன் வைத்த பெயர் வாயில் நுழையாததால் மூன்று தலைமுறையாக ஆட்கள் அதை எலந்தப்பழத் தோட்டம் என்றே சொல்லி வந்தார்கள். பதினோரு வருடங்களுக்கு முன்னால் தோட்டம் கைமாறியது. மரங்கள் சாய்ந்தன, லயக் குடியிருப்புகள் இடிந்தன, ஆட்கள் ஜெலாப்பாங், கமுந்திங், சித்தியவான் என்று வேலை கிடைத்த பக்கம் போனார்கள். மாயாண்டியும் ராக்காயியும் ஜெலாப்பாங்கில் நான்காவது மாடி வீடொன்றில் வாடகைக்கு ஏறினார்கள். மின்தூக்கி பழுதாகும் நாட்களில் ராக்காயி முட்டி வலியோடு படிப்படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவாள். மாயாண்டிக்கு ஒரு பெயிண்ட் தொழிற்சாலையின் வாசலில் ஜாகா என்கிற காவல் வேலை கிடைத்தது. வருகிற லாரிக்காரர்களின் அடையாள அட்டையை வாங்கி, முகத்தையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே விடுவது அவர் பணி.

தோட்டத்தை வாங்கியவர்கள் எண்பத்து நான்கு குடும்பங்களுக்கும் ஆளுக்கொரு தரைவீடு கட்டித் தருவதாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த வீடுகளை உரிய ஆட்களிடம் ஒப்படைப்பதற்காக ஏற்பட்டதுதான் 'எல்டன்பரோ தோட்ட முன்னாள் தொழிலாளர் வீட்டுரிமை உறுதிப்பாட்டு வாரியம்'. வீடுகள் நான்கே வருடங்களில் கட்டி முடிந்துவிட்டன. மீதி ஏழு வருடங்களும் உரிய ஆள் யார் என்று பார்ப்பதில் கழிந்தன. கடைசியாக எல்லோரும் ஒரே மாதிரி புதுப்படம் கொடுக்க வேண்டும் என்று வாரியம் முடிவு செய்து, ஜெலாப்பாங்கில் படக்கடை வைத்திருக்கும் மகேந்திரனிடம் அந்த வேலையை விட்டிருந்தது. எண்பத்து நான்கு பேரும் போய் உட்கார்ந்து எழுந்தார்கள். படங்கள் கடையிலிருந்து நேராக வாரியத்துக்குப் போயின.

செவ்வாய்க்கிழமை மாயாண்டி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஈப்போவுக்குப் போனார். அலுவலகம் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இருந்தது. படியேறியதும் சுவரில் 'நம்பிக்கையே நமது அடித்தளம்' என்று பொன்னெழுத்தில் எழுதியிருந்தது. அதற்கு நேர் கீழே இரண்டு கண்காணிப்புக் கேமராக்கள். ஒன்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது, மற்றொன்று முதல் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தது. வருகிறவர்கள் மூன்று புத்தகங்களில் கையெழுத்துப் போட வேண்டும். முதலாவது வருகைக்கு, இரண்டாவது போகும்போது போட. முதல் இரண்டு கையெழுத்தையும் போட்டது ஒரே ஆள்தான் என்று உறுதி கூறுவதற்கு மூன்றாவது.

முகப்பில் புனிதா உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண், அவளுடைய அப்பாவும் எலந்தப்பழத் தோட்டத்தில் உரம் போட்டவர்தான். அவள் ஒரு சரிபார்ப்புப் பாரத்தை எடுத்து வைத்தாள். அதில் பதிவேடு, படம், ஆள் என்று மூன்று கட்டங்கள் இருந்தன.

"அண்ணே, தோட்டத்துப் பழைய பதிவேட்டுல உங்க பேருக்கு நேரா இடது கன்னத்துல வெட்டு வடுன்னு இருக்கு. உங்க கன்னத்துலயும் இருக்கு. படத்துலதான் இல்ல."

படத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். மாயாண்டி அப்போதுதான் அதை முதன்முதலாகப் பார்த்தார். கன்னம் இரண்டும் ஊதின பலூன் போல வழவழவென்று இருந்தன. நெற்றியில் ஒரு சுருக்கம் கிடையாது. உதட்டில் இலேசாகச் சிவப்பு ஓடியது. மாலை போட்டு மணவறையில் உட்காரத் தயாராக இருக்கிற ஒரு மனிதர், மாயாண்டியின் சட்டையைப் போட்டுக்கொண்டு அவரையே பார்த்துச் சிரித்தார். காதோரம் தொடங்கித் தாடைவரை இறங்குகிற அந்த மூன்று அங்குல வடுவின் சுவடே இல்லை.

"நாந்தான்லா இது," என்றார் மாயாண்டி. சொல்லும்போதே அவர் குரலில் உறுதி குறைந்துவிட்டது.

"எனக்கும் அப்பிடித்தான் தெரியுது அண்ணே. ஆனா எனக்குத் தெரியறத எழுதறதுக்கு இதுல கட்டம் இல்ல."

அவர் அடையாள அட்டையைக் கொடுத்தார். அதில் இருந்த படம் கறுத்துப்போய், வடுவா நிழலா என்று சொல்ல முடியாமல் இருந்தது. புனிதா மனமிரங்கி, கைரேகை இயந்திரத்தைக் கொண்டுவந்து அவர் பெருவிரலை வைக்கச் சொன்னாள். ரேகை ஒத்துப்போனது. அவள் சந்தோஷமாக உள்ளறைக்குப் போய்த் தலைவரிடம் சொல்லிவிட்டு, சந்தோஷம் இல்லாமல் திரும்பி வந்தாள். கைரேகை ஒத்துப்போவதால் பெருவிரல் சரியானது என்பது மட்டுமே நிரூபணமாகிறது, வாரியம் பெருவிரல்களுக்கு வீடு கொடுப்பதில்லை என்று தலைவர் சொன்னாராம்.

அங்கிருந்து மாயாண்டி நேராக மகேந்திரனின் கடைக்குப் போனார். மகேந்திரன் மோசமான ஆள் இல்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்கார வைத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னான்.

"எண்பத்து நாலு மூஞ்சிண்ணே. ஒவ்வொண்ணா தொட்டுக்கிட்டு இருந்தா தீபாவளி வந்துரும். ஒரே பொத்தான். அமுக்கிட்டு தே தாரிக் குடிக்கப் போனேன். திரும்பி வந்தா எல்லாரும் ரெடி."

கல்யாணப் படங்களுக்காக அவன் ஒரு குறுக்குவழி செய்து வைத்திருந்தான். தோலை வெளுப்பது, சுருக்கத்தை எடுப்பது, மருவையும் பருவையும் துடைப்பது, உதட்டுக்கு நிறம் கொடுப்பது எல்லாம் வரிசையாக ஒரு பொத்தானுக்குள் அடங்கியிருந்தன. அந்தப் பொத்தானுக்கு 'கல்யாணம் மூன்று' என்று பெயர். வாரியத்துப் படங்கள் மொத்தத்துக்கும் அதையே அமுக்கிவிட்டான். ஆகவே தோட்டத்து ஆட்கள் எண்பத்து நான்கு பேரும் இப்போது மாப்பிள்ளையும் பெண்ணுமாகக் கோப்புகளில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களுக்குப் பதிவேட்டில் அங்க அடையாளம் என்று எதுவும் எழுதவில்லை, தப்பித்தார்கள்.

"வடு எங்கடா போச்சு?"

"மெஷினுக்கு அது வடுன்னு தெரியாதுண்ணே. படத்துல ஏதோ கீறல்னு நெனச்சிக்கிட்டுத் துடைச்சிருக்கும்."

முதலில் எடுத்த படத்தையாவது கொடு என்றார் மாயாண்டி. அந்தப் பொத்தான் பழைய படத்தின் மேலேயே புதியதை எழுதிவிடும், தனியாக எதையும் வைத்துக்கொள்ளாது என்றான் மகேந்திரன். செய்த தவறுக்குப் பரிகாரமாக அவரை மறுபடி உட்கார வைத்துப் புதுப்படம் எடுத்தான். திரையில் வந்து விழுந்த முகத்தைப் பார்த்ததும் அவனுக்கே பொறுக்கவில்லை. பழக்க தோஷத்தில் விரல் இரண்டு முறை பொத்தானை நோக்கிப் போனது. இரண்டு முறையும் மாயாண்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். படம் உள்ளது உள்ளபடி அச்சாகி வந்தது. காவல் நிலையத்துச் சுவரில் ஒட்டுகிற படம் போல இருந்தாலும், வடு பளிச்சென்று தெரிந்தது.

அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று மாயாண்டி நினைத்தார். அவருக்கு வாரியத்தைப் பற்றி அவ்வளவுதான் தெரியும். ஒரே பெயரில் இரண்டு முகங்கள் வந்துவிட்டதால், வாரியம் இரண்டாவது கோப்பு ஒன்றைத் திறந்தது. பழையது கோப்பு நாற்பத்தொன்று, வடு இல்லாத மாயாண்டி. புதியது நாற்பத்தொன்று அ, வடு உள்ள மாயாண்டி. இந்த இருவரில் உரியவர் யார் என்று தீர்மானிக்க, விவகாரம் ஐயத் தெளிவுத் துணைக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. சந்தேகங்களைக் கெட்டுப்போகாமல் பாதுகாத்து வைப்பதில் அந்தக் குழுவுக்கு நல்ல பெயர்.

விசாரணைக்குப் போகும் பேருந்தில் ராக்காயியும் கூட வந்தாள். மாயாண்டி நம்பிக்கையோடுதான் இருந்தார். குழுவில் ராமையா இருந்ததுதான் அதற்குக் காரணம்.

ராமையா அந்தத் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். ஆட்களின் பேர் எழுதி, நாள் கணக்கு எழுதி, தோட்ட அலுவலகத்தை நடத்தியவர். எண்பத்து மூன்றாம் வருடம் மழைநாளொன்றில் பால் லாரி பள்ளத்தில் கவிழ்ந்தபோது முன்னிருக்கையில் இருந்தவர் அவர். இருபத்திரண்டு வயது மாயாண்டிதான் உடைந்த கண்ணாடி வழியாகத் தலையை உள்ளே விட்டு, கிராணியாரை அக்குளில் பிடித்து வெளியே இழுத்தார். அப்போது கிழிந்ததுதான் கன்னம். தோட்டத்து மருந்தகத்தில் தையல் போட்டு முடியும்வரை கிராணியார் பக்கத்திலேயே நின்றார். மறுவாரம், பதிவேட்டில் மாயாண்டியின் பெயருக்கு நேராக, 'இடது கன்னத்தில் வெட்டு வடு' என்று தம் கையாலேயே எழுதி வைத்தார்.

விசாரணை அறையில் மூன்று நாற்காலிகள் போட்டிருந்தன. நடுவில் வாரியத் தலைவர் பூபாலசிங்கம். அரசாங்க உத்தியோகத்தில் பெரிய பதவி வரைக்கும் போய் ஓய்வு பெற்றவர், எழுபத்தெட்டு வயது, கழுத்துப்பட்டி இறுக்கிக் கட்டியிருந்தார். வலப்புறம் ராமையா. இடப்புற உறுப்பினர் வரவில்லை; அவர் ஏன் வரவில்லை என்பதை ஆராய வேண்டும் என்று முதலில் குறித்துக்கொண்டார்கள்.

மாயாண்டி லாரிக் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னார். சொல்லும்போது ராமையாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ராமையா மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிராணியாருக்குத் தெரியுமே," என்று முடித்தார் மாயாண்டி. "கேளுங்க."

பூபாலசிங்கம் திரும்பி, உறுப்பினர் இதைப் பற்றி என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

ராமையா தொண்டையைச் செருமிக்கொண்டார். "ராமையாங்கிற தனி மனுசனுக்கு இவரத் தெரியும். ஆனா குழு உறுப்பினரா இங்க உக்காந்திருக்கிறப்ப, தனி மனுசனுக்குத் தெரிஞ்சத நான் பயன்படுத்தக் கூடாது. அது விதி. அதனால எனக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாது."

பதிவேட்டில் இருப்பது யாருடைய கையெழுத்து என்று தலைவர் கேட்டார். ராமையா அந்தப் பக்கத்தை எட்டப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். என்னுடையது மாதிரிதான் இருக்கிறது, எதற்கும் ஒரு நிபுணரிடம் காட்டிவிடலாம் என்றார். பூபாலசிங்கம் அவர் கையைப் பற்றிக் குலுக்கி, இப்படிப்பட்ட நேர்மையால்தான் வாரியம் ஏழு வருடங்களாக ஒரு தப்பான ஆளுக்குக்கூட வீடு கொடுக்காமல் இருக்கிறது என்று பாராட்டினார். சரியான ஆளுக்கும் கொடுக்கவில்லை என்பதை யாரும் சொல்லவில்லை.

மாயாண்டியின் கை தானாகப் போய்க் கன்னத்தைத் தடவிப் பார்த்தது.

பூபாலசிங்கம் அதைக் கவனித்துவிட்டார். "அங்கதான் எனக்கு ஐயம் பிறக்குது, பாருங்கோ. விபத்து நடந்தது எண்பத்து மூண்டில எண்டு நீங்களே சொல்றீங்கள். நாற்பது வருஷம் கடந்து போச்சு. வைத்தியம் எவ்வளவு முன்னேறிட்டுது. ஒரு உண்மையான வடு இதுக்குள்ள ஆறி மறைஞ்சிருக்க வேணும். படத்தில இருக்கிறவருக்கு அப்பிடித்தான் ஆறியிருக்குது. உங்கட வடு மட்டும் நேற்றுப் போட்ட மாதிரி தெளிவா இருக்குது. இதை நான் எப்பிடி நம்புறது?"

"ஆறினாத்தான் ஐயா வடு. ஆறலன்னா அது புண்ணு," என்றார் மாயாண்டி.

இதைக் குறிப்பில் ஏற்ற வேண்டாம் என்று தலைவர் புனிதாவிடம் சொன்னார்.

மகேந்திரன் சாட்சியாக வந்திருந்தான். தவறு முழுக்கத் தன்னுடைய பொத்தானில்தான் என்று அவன் பணிவாகச் சொன்னான். தலைவர் நம்பவில்லை. ஒரு பொத்தானை அமுக்கினால் ஒரு மனிதனின் முகம் மாறிவிடும் என்பதைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார். அப்படியானால் இங்கேயே செய்து காட்டுகிறேன் என்று மகேந்திரன் கேமராவையும் மடிக்கணினியையும் எடுத்தான். யாரையாவது ஒருவரைப் படம் பிடிக்க வேண்டும். பூபாலசிங்கம் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு, உண்மையைக் கண்டறிவதற்காகத் தாமே உட்காருவதாகச் சொன்னார்.

படம் திரையில் வந்தது. கண்ணுக்குக் கீழே தொங்கும் பைகள், கழுத்துச் சதை, நெற்றியில் பழுப்புப் புள்ளிகள் என்று எல்லாம் இருந்தன. தலைவர் முகம் சுளித்தார். மகேந்திரன் பொத்தானை அமுக்கினான்.

மணவறை மாப்பிள்ளை ஒருவர் கழுத்துப்பட்டியோடு திரையில் தோன்றினார். தலையில் இருந்த ஏழெட்டு முடிகள்கூடக் கருத்து அடர்ந்திருந்தன. பூபாலசிங்கம் எழுந்து வந்து திரைக்கு முன்னால் குனிந்து நின்றார். வெகுநேரம் நின்றார்.

"முதல்ல வந்ததுதான் பிழை," என்றார் கடைசியில். "கேமராவில ஏதோ கோளாறு. இந்த மெஷின் அந்தக் கோளாறை நீக்கிப்போட்டு ஆளை உள்ளபடி காட்டுது. நான் தினமும் காலமை சவரம் செய்யேக்க கண்ணாடியில பார்க்கிற முகம் இதுதான். கிராணியார், நீங்கள் சொல்லுங்கோ."

ராமையா, கண்ணாடியில் பார்த்த மாதிரியே இருக்கிறது என்றார்.

அந்தக் கணத்தில் விசாரணை முடிந்துவிட்டது என்பது மாயாண்டிக்கே விளங்கியது. இயந்திரம் பொய் சொல்லாது என்பது தலைவர் முகத்தாலேயே நிரூபணமாகிவிட்டதால், அது காட்டிய வடு இல்லாத மாயாண்டியும் உண்மையான ஆளே என்று குழு முடிவு செய்தது. அவர் உரிய காலத்துக்குள் விண்ணப்பித்தவர். தோற்றமும் நன்றாக இருக்கிறது. வடு உள்ளவரோ தவணை முடிந்த பிறகு படம் கொடுத்தவர். ஆகவே நாற்பத்தொன்றாம் எண் வீடு வடு இல்லாதவருக்கே சேரும். வடு உள்ளவருக்கு ஆட்சேபணை இருந்தால், வடு இல்லாதவர் எங்கே இருக்கிறார் என்று எழுத்துமூலம் தெரிவித்துவிட்டு மேல்முறையீடு செய்யலாம். பிறகு, தலைவரின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டவும், இனி வாரியம் எடுக்கும் எல்லாப் படங்களையும் இந்தப் பொத்தான் வழியாகவே அனுப்பவும் தீர்மானம் நிறைவேறியது.

அன்று மாலை மாயாண்டி சோற்றைத் தொடவில்லை. விசாரணைக்குப் போன நேரத்திலிருந்தே அவருக்குள் ஒரு விபரீதமான சந்தேகம் ஊறத் தொடங்கியிருந்தது. இத்தனை படித்தவர்கள் இத்தனை உறுதியாகச் சொல்கிறார்களே, அப்படி ஒருத்தன் நிஜமாகவே எங்கேயாவது இருப்பானோ என்று. எதிர் பிளாக்கில் யாராவது படியிறங்கினால் எட்டிப் பார்த்தார். வாரியத்தில் கையோடு கொடுத்தனுப்பிய முடிவுக் கடிதத்தோடு இருந்த வடு இல்லாதவனின் படத்தை ராக்காயி நிலைக்கண்ணாடியில் செருகி வைத்திருந்தாள். அதை எடு என்றார் மாயாண்டி.

"இருக்கட்டுமே. பார்க்க லட்சணமாத்தானே இருக்காரு."

"யாருன்னே தெரியாதவன் படத்த வீட்டுல எதுக்கு வைக்கிற?"

ராக்காயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கடிதத்தை எடுத்து விரல் வைத்து வாசித்தாள். "இந்த வடு இல்லாத மாயாண்டிக்குப் பொண்டாட்டி யாருன்னு எழுதியிருக்கு?"

மாயாண்டி வாசித்தார். ராக்காயி என்றுதான் எழுதியிருந்தது. அவளுடைய அடையாள அட்டை எண்ணும் சரியாக இருந்தது.

"அப்ப நான் போயி வாங்கிக்கிறேன்."

"எவன் பொண்டாட்டின்னு கையெழுத்துப் போடுவ?"

"வீடு குடுக்கிறவன் எவன் பொண்டாட்டின்னு சொல்றானோ அவன் பொண்டாட்டின்னு போடுவேன். பதினோரு வருசமா இந்தப் படியில நான் ஏறி இறங்கறேன். நீங்க சந்தேகப்படறதா இருந்தா வீட்டுக்குள்ள போயி உக்காந்துக்கிட்டு சந்தேகப்படுங்க."

சாவி வழங்கும் விழா புது வீடுகளுக்கு முன்னால் இருந்த திடலில் நடந்தது. பந்தல் போட்டிருந்தார்கள். மேடையின் பின்னால் தலைவரின் புதுப்படம் ஆளுயரத்துக்கு நின்றது. அதற்கு முன்னால் தலைவர் நின்று பேசியபோது, தகப்பன் மகனைப் பற்றிப் பேசுவது போல இருந்தது. ஒரு வீட்டைக் கொடுப்பது சுலபம், அதைக் கொடுக்காமல் ஏழு வருடங்கள் காத்து நிற்பதற்குத்தான் மன உறுதி வேண்டும் என்றார். யாரையும் நம்பாததால்தான் மக்கள் வாரியத்தின் மீது நம்பிக்கை வைத்திருக்கிறார்கள் என்றார். ஆட்கள் கை தட்டினார்கள். அடுத்தது சாவி என்று அவர்களுக்குத் தெரியும்.

நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு 'திரு. மாயாண்டி, வடு இல்லாதவர்' என்று ஒலிபெருக்கியில் அழைத்தார்கள். மாயாண்டி ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரை அறியாமல் கால் எழுந்தது. ராக்காயி தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு மேடைக்குப் போனாள்.

கணவர் எங்கே என்று தலைவர் கேட்டார். வேலைக்குப் போயிருக்கிறார் என்றாள். அவளை அங்கேயே வாரியத்துக் கருவியில் படம் பிடித்து, படத்தையும் முகத்தையும் பார்த்துவிட்டு, முகத்தைவிடப் படம் தெளிவாக இருப்பதால் திருப்தி என்று தலைவர் சாவியைக் கொடுத்தார். கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தி எச்சரிக்கவும் செய்தார்.

"அம்மா, உங்கட கணவர் பேரைச் சொல்லிக்கொண்டு ஒரு ஆள் திரியிறான். கன்னத்தில வடு இருக்குது. வீட்டுக்குள்ள மட்டும் விட்டிடாதேங்கோ."

"அவர நான் பார்த்துக்கிறேன் ஐயா," என்றாள் ராக்காயி.

அவர்கள் குடி வந்து மூன்றாவது வாரம், குடியிருப்புச் சோதனைக்கென்று தனேஸ்வரன் என்ற அதிகாரி வந்தார். வீட்டுக்கு உரியவர்தான் உள்ளே இருக்கிறாரா என்று பார்ப்பது அவர் வேலை. மாயாண்டி வாசலில் குழாயடியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தார். ஓடி ஒளிய நேரமில்லை. அப்படியே சட்டியைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றார். வேலை செய்யும் வாசலில் எத்தனையோ லாரிக்காரர்கள் தன் முன்னால் இப்படி நின்றிருக்கிறார்கள், அட்டையை நீட்டும்போது அவர்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று நினைத்துக்கொண்டார்.

தனேஸ்வரன் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் கண் கையிலிருந்த கைப்பலகைக் கணினியிலேயே இருந்தது. வீட்டு எண்ணைத் தட்டினார். கோப்பைத் திறந்தார். "அசையாம நில்லுங்க," என்று சொல்லிப் படம் பிடித்தார். வாரியத்துக் கருவி அல்லவா, பொத்தான் தன்னால் அமுங்கியது. மகேந்திரன் அதையும் உள்ளே போட்டுக் கொடுத்திருந்தான். திரையில் மாப்பிள்ளை வந்தார். கோப்பில் இருந்த மாப்பிள்ளையோடு வைத்துப் பார்த்தார் தனேஸ்வரன். நூற்றுக்கு நூறு ஒத்துப்போனது.

"எல்லாம் ஓகேண்ணே. ஒரு கையெழுத்து." மாயாண்டி ஈரக் கையால் திரையில் கையெழுத்துப் போட்டார். தனேஸ்வரன் அதையும் பார்த்துச் சரி என்றார். பிறகு போகிற போக்கில், கன்னத்தில் வடு உள்ள ஆள் யாராவது இந்தப் பக்கம் நடமாடினால் வாரியத்துக்கு உடனே தகவல் கொடுக்க வேண்டும் என்று, அந்த வடுவிலிருந்து இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டு சொன்னார்.

"குடுக்கிறேன்," என்றார் மாயாண்டி.

மோட்டார் சைக்கிள் சத்தம் தேய்ந்த பிறகு ராக்காயி வெளியே வந்து, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாயாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டியை மறுபடியும் முதலிலிருந்து கழுவினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ராமையா வந்தார். குழு வேலை முடிந்து கலைந்துவிட்டது, அவர் இப்போது உறுப்பினர் இல்லை. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். நேராக உள்ளே வரத் தயங்கி, இரும்புக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு கூப்பிட்டார். ராக்காயி கோயிலுக்குப் போயிருந்தாள். மாயாண்டி கதவுக்குக் கிட்டே போனார், திறக்கவில்லை.

வீடு நன்றாக இருக்கிறதா என்று கேட்டார் ராமையா. காற்று வருகிறதா, தண்ணீர் வருகிறதா என்று கேட்டார். மாயாண்டி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு ராமையாவின் பார்வை மெதுவாக எழும்பி, இத்தனை நாளில் முதன்முறையாக மாயாண்டியின் இடது கன்னத்தில் வந்து நின்றது. கிழவரின் கண் கலங்கியது.

"அன்னைக்கி உன்னையப் பார்த்துப் பேச எனக்கு முடியல மாயாண்டி. மழ காலத்துல இன்னும் வலிக்குதா அந்த வடு?"

இந்தக் கேள்விக்காகத்தான் மாயாண்டி அன்று விசாரணை அறையில் அத்தனை நேரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அது வந்தே விட்டது. அவர் பக்கத்து வீட்டைப் பார்த்தார். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை.

"எந்த வடுங்க கிராணியாரே?"

ராமையா கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க தேடி வந்த ஆளு இங்க இல்லீங்க," என்றார் மாயாண்டி. குரலில் கோபமோ குத்தலோ இல்லை. தொழிற்சாலை வாசலில் லாரிக்காரர்களிடம் பேசுகிற அதே குரல்தான். "அந்த ஆளு இங்க வரக் கூடாதுன்னு வாரியத்துல சொல்லியிருக்காங்க. வந்தா நான் தகவல் குடுக்கணும்."

ராமையா வாழைப்பழத்தைக் கதவுத் தூணின் மேல் வைத்துவிட்டு, வந்த வழியே நடந்தார். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. அவர் முனை திரும்பும்வரை மாயாண்டி பார்த்துக்கொண்டே நின்றார். கூப்பிடலாமா என்று இரண்டு தடவை தோன்றியது. கூப்பிடவில்லை. கதவு பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.